கஜக்கோல் பிடித்த சீமாட்டி

தந்தை இரண்டு முறை மஞ்சள் கடுதாசி கொடுத்தவர். மகளோ இங்கிலாந்து மன்னரின் மாளிகைக்கே சரக்கு அனுப்பியவர்.

அந்த மகளின் பெயர் எலினார் கோட். லண்டனில் ஜவுளிக் கடை வைத்துத் தொழில் பழகினார். பிறகு கல்லுக்குப் போட்டியாக ஒரு செயற்கைக் கல்லைச் செய்து விற்றார். 1769 முதல் 1821 வரை, 52 ஆண்டு காலம், அந்த ஆலைக்கு அவரே முதலாளி. பெண் பெயரில் கடைப்பலகை தொங்குவதையே வியப்பாகப் பார்த்த காலம் அது.

1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட நான்கு மன்னர்களுக்கும் ஜார்ஜ் என்றுதான் பெயர். எலினார் பிறந்தபோது இரண்டாம் ஜார்ஜ் ஆண்டார். அவர் கண் மூடியபோது நான்காம் ஜார்ஜ் ஆண்டுகொண்டிருந்தார்.

பாட்டி காட்டிய வழி

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்று ஒரு மாவட்டம். ஆட்டு ரோமத்துக்கும் கம்பளித் துணிக்கும் பேர் போன இடம். அங்குள்ள எக்ஸிட்டர் நகரில் 1733 ஜூன் மாதம் எலினார் பிறந்தார். அப்பா ஜார்ஜ் கோட் கம்பளி வியாபாரி. கிராமத்துத் தறிகளில் நெய்த துணி எக்ஸிட்டருக்கு வரும். அதைத் தண்ணீர் ஆலைகளில் அடித்து இறுக்குவார்கள். வெளியில் நீளமான மரச் சட்டங்களில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். பிறகு சாயம், பிறகு மூட்டை, பிறகு கப்பல். ஊரில் பாதிப் பேருக்கு இந்தத் துணியால்தான் சோறு.

தாய் வழியிலும் துணி வியாபாரம்தான். அம்மாவின் ஊர் டிவர்ட்டன். அம்மாவைப் பெற்ற பாட்டி சாரா என்ச்மார்ச் சாதாரணப் பெண்மணி அல்ல. 1735-இல் கணவர் இறந்தார். பாட்டி கடையை மூடவில்லை. மைத்துனர் கையிலோ குமாஸ்தா கையிலோ சாவியைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்காரவும் இல்லை. சுமார் 25 ஆண்டுகள் தாமே துணித் தொழிலை நடத்தினார். நல்ல லாபமும் கண்டார்.

இதை வளர்ந்து வரும் பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பேரேட்டின் முன் ஒரு பெண் உட்காருவது அந்தக் குழந்தைக்கு அதிசயமாகத் தோன்றியிராது.

இங்கே அன்றைய சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அப்போது ஒரு பெண் திருமணம் செய்துகொண்டால், அவளுடைய கைப்பணம் கணவனுக்குப் போய்விடும். அவள் சம்பாதித்தாலும் அது அவனுடையது. அவள் பெயரில் ஒப்பந்தம் எழுதினால் செல்லுபடி ஆவதே சந்தேகம். 1870-லும் 1882-லும் புதுச் சட்டங்கள் வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது. அதுவரை தன் சொத்தைத் தானே ஆளக்கூடியவர்கள் இரண்டே வகைப் பெண்கள்தாம்: விதவைகள், மணமாகாதவர்கள். பாட்டி முதல் வகை. பேத்தி கடைசி வரை இரண்டாம் வகையிலேயே நின்றுவிட்டார்.

வீட்டில் விழுந்த இடி

1759-ஆம் ஆண்டில் அப்பா ஜார்ஜ் கோட் திவாலானார்.

அன்றைக்கு வியாபாரி ஒருவர் திவாலானால் ஊருக்கே தெரிந்துவிடும். பெயர் அரசாங்க கெஜட்டில் வரும். கடன்காரர்கள் கூடுவார்கள். சரக்கு, சாமான் எல்லாம் ஏலத்துக்குப் போகும். நேற்று வரை வணக்கம் சொன்னவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். எந்த ஊரானாலும் இது ஒன்றுதானே!

அடுத்த ஆண்டு வாக்கில் குடும்பம் எக்ஸிட்டரை விட்டது. சுமார் 170 மைல் தள்ளி இருந்த லண்டன் மாநகரில் வந்து இறங்கியது. எலினாருக்கு அப்போது வயது 27. அந்தக் காலக் கணக்கில் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. கையில் சீதனப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்? ஏதாவது ஒரு பெரிய வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போகலாம். உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ளலாம். மானமுள்ள ஏழைப் பெண்களுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் பெரும்பாலும் இவைதாம்.

எலினார் கடை திறந்தார்.

லண்டன் ஜவுளிக் கடை

1760-களின் நடுவில், லண்டன் நகரின் வியாபாரப் பகுதியில், எலினார் தம் சொந்தப் பொறுப்பில் லினன் ஜவுளிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். லினன் என்பது ஆளி என்ற செடியின் நாரில் நெய்யும் துணி. பருத்தி விளையாத அந்த நாட்டில் சட்டை, படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, கைக்குட்டை எல்லாம் லினன்தான். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வரும். ஹாலந்திலிருந்தும் ஜெர்மன் நாடுகளிலிருந்தும் கூட வரும்.

நம் நாட்டுப் பருத்தி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அது ஒரு தனிக் கதை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூப்போட்ட சீட்டித் துணிகளுக்குச் சீமையில் ஒரே மோகம். சாயம் போகாது, துவைக்கத் துவைக்கப் பளபளக்கும். ராணி முதல் வேலைக்காரி வரை வாங்கினார்கள். அங்குள்ள கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சீட்டி உடுத்திய பெண்களின் துணியை நடுத்தெருவில் கிழித்தார்கள். பார்லிமெண்ட் 1700-இல் ஒரு சட்டமும், 1721-இல் அதைவிடக் கடுமையான சட்டமும் போட்டது. அச்சடித்த பருத்தித் துணியை விற்கவும் கூடாது, உடுத்தவும் கூடாது. இந்தத் தடை 1774-இல்தான் நீங்கியது. ஆகவே எலினாரின் கடை நடந்த ஆண்டுகளில் நம் சீட்டித் துணி லண்டனில் சட்டத்துக்கு விரோதமான சரக்கு! லினன் வியாபாரத்துக்கு இது பெரிய லாபம்.

ஜவுளிக் கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா கஜக்கோல் பிடிக்கிற வேலை அல்ல. பெரிய மனிதர்கள் ரொக்கம் தரமாட்டார்கள். பற்று எழுதச் சொல்வார்கள். வருஷக் கடைசியில் பணம் வரும், வராமலும் போகும். மொத்த வியாபாரிக்கோ தவணை தவறாமல் கட்டியாக வேண்டும். யாருக்குக் கடன் தரலாம், யாருக்கு முகம் கோணாமல் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதுதான் உண்மையான படிப்பு. அப்பாவின் வீழ்ச்சியை அருகிலிருந்து பார்த்த மகள் இந்தப் படிப்பை மறக்கவில்லை. இன்னொன்றும் கற்றார். வாடிக்கைக்காரர் மாதிரித் துணியைப் பார்த்து, விரலால் தொட்டு, விலை கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார். மாதிரி கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும். விலை முன்கூட்டியே தெரிய வேண்டும். பின்னாளில் கல் விற்றபோதும் அவர் இதையே செய்தார்.

1769

இந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. அப்பா இரண்டாம் முறையாகத் திவாலானார். அந்த அதிர்ச்சியோடு உயிரையும் விட்டார். எலினார் ஓர் ஆலையை விலைக்கு வாங்கினார்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் லாம்பெத் என்ற பகுதி. அங்கே டேனியல் பின்காட் என்பவர் செயற்கைக் கல் செய்துகொண்டிருந்தார். லாம்பெத்தில் அந்தத் தொழில் புதிதல்ல. 1722-லேயே ரிச்சர்ட் ஹோல்ட் என்பவர் அதற்கு அரசாங்க உரிமை வாங்கியிருந்தார். ஆனால் கல் நன்றாக வரவில்லை. யாருக்கும் காசும் வரவில்லை. இப்படிக் கை கொடுக்காத தொழிலை 36 வயதுப் பெண் ஒருவர் வாங்கினார். பின்காட்டை மேலாளராகவே வைத்துக்கொண்டார்.

ஆலை எலினாரின் பெயரிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பாவின் பெயரில் இருந்திருந்தால் கடன்காரர்கள் அதையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆனால் வேறு பக்கத்திலிருந்து வினை வந்தது. ஆலையில் நின்று வேலை வாங்கியவர் பின்காட். வந்தவர்கள் அவரையே முதலாளி என்று எண்ணினார்கள். அவரும் மறுத்ததாகத் தெரியவில்லை. பெண் ஒருத்தி எங்கே ஆலை நடத்தப்போகிறாள் என்று ஊர் நினைத்தது. அவர் கூட்டாளி என்ற பேச்சும் கிளம்பியது.

எலினார் இரண்டு ஆண்டு பொறுத்தார். 1771 செப்டம்பரில் லண்டன் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. பின்காட்டுக்கு ஆலையில் எந்தப் பங்கும் இல்லை, உண்மையான உரிமையாளர் எலினார் கோட்தான், அவர் கையெழுத்தோ சம்மதமோ இல்லாத ஒப்பந்தமும் கொள்முதலும் ரசீதும் செல்லாது என்று அதில் கண்டிருந்தது. சண்டை இல்லை, சாடல் இல்லை. நாலு வரியில் காரியம் முடிந்தது. பின்காட் வெளியேறினார்.

அவருடைய இடத்துக்கு எலினார் தேடிப் பிடித்த ஆள் ஜான் பேக்கன். அப்போது வயது 30 சொச்சம். இளமையில் பீங்கான் பட்டறையில் வேலை பழகியவர். சிற்பத்துக்காக ராயல் அகாடமியின் தங்கப் பதக்கம் பெற்றவர். களிமண்ணும் தெரியும், கலையும் தெரியும். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். 1799-இல் தாம் இறக்கும்வரை, 28 ஆண்டுகள், அவர் இந்த ஆலைக்கு மாதிரிச் சிலைகள் செய்து கொடுத்தார்.

மண்ணா, கல்லா?

எலினார் விற்ற பொருள் பார்ப்பதற்குக் கல். உண்மையில் சுட்ட மண்.

வெண்மையான நயமான களிமண்தான் மூலம். வெறும் களிமண்ணைச் சூளையில் வைத்தால் சுருங்கும், கோணும், வெடிக்கும். இதைக் குயவர் எவரும் சொல்வார். ஆகவே ஏற்கெனவே ஒரு முறை சுட்ட மண்ணை இடித்துப் பொடியாக்கிக் கலந்தார்கள். சக்கிமுக்கிக் கல்லின் பொடி, நயமான மணல், கண்ணாடிப் பொடி ஆகியவையும் சேர்ந்தன. சூட்டில் கண்ணாடி உருகி எல்லாவற்றையும் பிணைத்துவிடும். கலவையைத் தட்டையாக்கி அச்சுக்குள் அழுத்துவார்கள். அச்சை எடுத்ததும் கைவேலைக்காரர் மூக்கையும் விழியையும் ஆடை மடிப்பையும் கூர்மையாக்குவார். பிறகு சூளை. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூடு, நான்கு நாள் இரவு பகலாக. வெப்பத்தை இன்றைக்குப் போல் துல்லியமாக அளக்கும் கருவிகள் அன்று இல்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே விறகுக்காரன் முடிவு செய்ய வேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் நான்கு நாள் உழைப்பும் பாழ்.

இப்படி வெந்து வந்த பொருளுக்கு எலினார் லித்தோடிபைரா என்று கிரேக்க மொழியில் பெயர் வைத்தார். இரண்டு முறை சுட்ட கல் என்று பொருள். ஜனங்கள் சுருக்கமாகக் கோட் கல் என்றார்கள். மழை, பனி, லண்டன் நிலக்கரிப் புகை, எதற்கும் அது அசையவில்லை. உளியால் செதுக்கிய கல் சிலைகள் பல கரைந்து முகம் இழந்து நிற்கின்றன. பக்கத்தில் கோட் கல் சிலையின் மூக்கு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

உரிமைப் பத்திரம் எதுவும் எலினார் வாங்கவில்லை. வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டுமே!

ஒரே அச்சில் பத்துச் சிலை எடுக்கலாம். அதனால் செதுக்கிய கல்லைவிட விலை மலிவு. 1784-இல் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார். அதில் 700-க்கும் மேற்பட்ட உருப்படிகள் இருந்தன. தேவதைச் சிலை, சிங்கம், பூச்சாடி, தூண் தலை, வாசல் வளைவில் வைக்கும் முகம், கல்லறை அலங்காரம் என்று பட்டியல் நீளும். ஒரு சீமான் வீட்டிலிருந்தபடியே பார்த்துக் கடிதம் எழுதலாம். ஜவுளிக் கடையின் மாதிரித் துணிப் புத்தகம் இங்கே வேறு உருவத்தில் வந்துவிட்டது. 1799-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே ஒரு காட்சிசாலையும் திறந்தார். பாலத்தைத் தாண்டும் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம்.

அக்காலத்தின் பெரிய கட்டடச் சிற்பிகள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். ராபர்ட் ஆடம், ஜேம்ஸ் வயட், ஜான் சோன், ஜான் நாஷ் ஆகியோர் அதில் சிலர். வின்சரில் உள்ள அரச குடும்பத்தின் செயிண்ட் ஜார்ஜ் ஆலயத்துக்கும், பிரைட்டனில் உள்ள அரச மாளிகைக்கும் லாம்பெத்திலிருந்து சரக்குப் போனது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1809-இல் எழுப்பிய நெல்சன் தூணின் சிலையும் கோட் கல்தான். லண்டனை அடுத்த கிரீன்விச்சில், கடற்படைக் கட்டடத்தின் நெற்றியில், போரில் இறந்த நெல்சன் தளபதியின் உடலைக் கடல் தேவன் ஏந்திக் கொடுப்பது போல் ஒரு பெரிய சிற்பத் தொகுதி இருக்கிறது. 1813-க்குள் முடிந்த வேலை. அதைச் செய்ததும் இதே ஆலை. அப்போது எலினாருக்கு 80 வயது!

எழுதி வைத்த உயில்

எலினார் ஆடம்பரம் இல்லாதவர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், தெய்வ பக்தி மிகுந்தவர். லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் பெல்மான்ட் என்று ஒரு வீடு. மாமா முறையுள்ள உறவினர் சாமுவேல் கோட் 1784-இல் கொடுத்தது. அந்த வீட்டு முகப்பில் மட்டும் தம் கல்லைப் பூவும் முகமுமாகப் பதித்து அழகு பார்த்தார். 1799-இல் உறவினர் ஜான் சீலியைக் கூட்டாளியாகச் சேர்த்தார். 1813-இல் அவர் இறந்ததும் வில்லியம் கிராகன் என்ற தூரத்து உறவினரை மேலாளராக அமர்த்தினார்.

1821 நவம்பரில், 88-ஆம் வயதில், லண்டனை அடுத்த கேம்பர்வெல்லில் எலினார் காலமானார்.

உயிலைப் பிரித்தார்கள். சபைப் போதகர்களுக்கும் தர்மப் பள்ளிகளுக்கும் பணம் எழுதியிருந்தார். பல பெண்களுக்கும் எழுதியிருந்தார். மணமாகாத பெண்கள், விதவைகள், சில மணமான பெண்கள். மணமானவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பணம் அவளுக்கே சொந்தம், கணவன் அதில் கை வைக்கக் கூடாது, அவள் கையெழுத்திட்ட ரசீதே போதும். 1771-இல் பத்திரிகையில் தம் கையெழுத்துக்காகப் போட்ட அதே நிபந்தனையைக் கிழவி மற்றப் பெண்களுக்காகவும் போட்டுவிட்டுப் போனார். நாட்டுச் சட்டம் அந்த இடத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கிராகனுக்கு ஆலை உயிலில் கிடைக்கவில்லை. எலினாரின் வாரிசுகளிடமிருந்து அவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். 1833-இல் அவர் திவாலானார். சில ஆண்டுகளில் கோட் கல் செய்வதும் நின்றது. சிமெண்டில் வார்த்த மலிவுச் சரக்குகள் வந்துவிட்டன.

அம்மாவா, மகளா?

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எலினாரின் தாயாருக்கும் எலினார் என்றே பெயர். அவர் 1796-இல் இறந்தவர். அக்காலத்தில் தொழில் நடத்தும் கன்னிப் பெண்ணையும் மரியாதைக்காகத் திருமதி என்றே அழைப்பார்கள். திருமதி கோட் என்று பழைய தாள்களில் கண்டவர்கள், அது தாயார்தான் என்று முடிவு கட்டினார்கள். விதவையான தாய் ஆலை நடத்தினார், மகள் பின்னால் வந்து சேர்ந்தார் என்றே பல ஆண்டுகள் எழுதி வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அலிசன் கெல்லி என்ற ஆராய்ச்சியாளர் பழைய ஆவணங்களைத் தேடிப் புரட்டினார். 1769 முதல் முதலாளி மகளே என்று நிலைநாட்டினார். அவருடைய புத்தகம் 1990-இல் வெளிவந்தது.

கல்லின் செய்முறை மண்ணோடு மறைந்த ரகசியம் என்ற கதையும் வெகுநாள் உலவியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் துண்டுகளைச் சோதித்துப் பார்த்ததும் அந்தக் கதை முடிந்தது. நல்ல களிமண், சரியான அளவு, விடாத கவனம். மந்திரம் ஒன்றும் இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் கிழக்கு முனையில் இன்று ஒரு பெரிய வெள்ளைச் சிங்கம் நிற்கிறது. எடை 13 டன்னுக்கு மேல். எலினார் இறந்து 16 ஆண்டு கழித்து, 1837-இல், அவருடைய கலவையிலேயே உட்டிங்டன் என்ற சிற்பி செய்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆற்றங்கரையில் ஒரு பீர் ஆலையின் உச்சியில் நின்றது. 1949-இல் அந்த ஆலையை இடித்தபோது, மன்னர் ஆறாம் ஜார்ஜின் விருப்பப்படி சிங்கத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். 1966-இல் பாலத்தருகே கொண்டுவந்து வைத்தார்கள். எலினாரின் ஆலை இருந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.